தொட்டியை விட்டு எழுந்த நேரம்

எங்கள் பட்டறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "எவ்வளவு நேரம் ஆகும்?" தேய்ந்துபோன இரும்பு ராடைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். அது தேய்வதற்குப் பல வருஷம் எடுத்துக்கொண்டிருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் அவர்கள் எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் நாங்கள் அதைப் புதுசாக்கித் தந்துவிட வேண்டும்.

என் அக்காவிடம் கேட்டால் வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். என்னிடம் கேட்டால் தொட்டியைப் பார்த்துப் பதில் சொல்வேன். அதனால் என்னிடம் யாரும் கேட்பதில்லை.

நாங்கள் செய்வது ஹார்டு குரோம் முலாம். குழாயிலும் கைப்பிடியிலும் மினுக்குகிற குரோம் வேறு, அது முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி. எங்களுடையது தேய்மானத்தைத் தாங்குகிற குரோம், கனமாக ஏற வேண்டும். அமிலத் தொட்டியில் இரும்பைத் தொங்கவிட்டுக் கரண்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். அவ்வளவுதான் அதன் வேகம். கரண்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் ஓரமெல்லாம் பரு பருவாகக் கிளம்பும். கெஞ்சினாலும் மிஞ்சினாலும் அது தன் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் தீரும். கொஞ்சம் கனமான வேலை என்றால் விடிந்ததும் ஏற்றி, பொழுது சாயும்போது இறக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், நடுவில் கரண்ட் நிற்கக் கூடாது. நின்றால் ஏறின குரோமின் மேல் ஒரு தோல் படிந்துவிடும். பிறகு மறுபடி கரண்டைக் கொடுத்தால் குரோம் ஏறத்தான் செய்யும், ஆனால் பழைய அடுக்கின் மேல் புது அடுக்கு ஒட்டாது. ஒட்டினது போல் நடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். வேலைக்குப் போய் அழுத்தம் வாங்கின பிறகுதான் வெங்காயத் தோல் மாதிரி உரியும். அப்படி நின்றுபோனால் ஏறின குரோமை முழுக்க உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் நேர்மை. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கெடுபிடிக்காரி. சார்ஜ் தீர்ந்த தன் போனைச் செருகுவதற்காகத் தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிய ஓர் ஆளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே தொட்டிக்குப் பக்கத்தில் எந்நேரமும் யாராவது இருக்க வேண்டும். அப்பா போன பிறகு, விற்றுவிடுங்கள் விற்றுவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையில் வந்து சொன்ன அந்தப் பட்டறையை, அக்காவும் நானும் பாதிப் பாதியாக வைத்து நடத்தினோம். தாழ்ந்த தகரக் கூரை. சுவரெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. ஆவி மேலே வராமல் இருக்கத் தொட்டியில் பிளாஸ்டிக் உருண்டைகளை மிதக்க விட்டிருப்போம். பொருளைத் தேய்ப்பது, கழுவுவது, தொங்கவிடுவது என் வேலை. வருகிறவர்களைச் சமாளிப்பதும் கரண்ட் பெட்டியும் அக்காவுடையது. நான் எழுந்தால் அவள் உட்காருவாள், அவள் எழுந்தால் நான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "தொட்டியக் கட்டிக்கிட்டா, நமக்கு மாப்ள செலவு மிச்சம்" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். அம்மா இருப்பது அக்காவோடுதான்.

எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு மண் தோண்டும் வண்டி வைத்து ஓட்டுகிறார். வாய் இனிக்கப் பேசுகிறவர். நான் பட்டறைக்குப் போய் இருமிக்கொண்டு வருவது அவருக்குப் பிடிக்காது, ஆனால் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "உன் கையப் பிடிச்சா பேட்டரிக் கடைக்காரன் கையப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்பார். நான் சிரிப்பேன். எனக்கு அந்தக் கைமேல் ஒரு கர்வம் இருந்தது. நான் கழுவிக் கொடுத்த பொருள் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை.

அவருடைய வண்டியில், அந்த நீளமான கையை மடக்கி நீட்டுகிற ராடு தேய்ந்துபோய் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. வேறு எங்கே போவது? எங்கள் பட்டறைக்கே கொண்டுவந்தார். வெளியாட்கள் வேலையையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் நான். இது என் வீட்டுச் சோறு. பழைய குரோமை உரித்தேன், தேய்த்தேன், கழுவினேன், மறுபடி கழுவினேன். கடைசியில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். எங்காவது ஒரு விரல் பட்ட எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் விலகி ஓடும். விலகவில்லை. ராடு முழுக்க ஒரே போர்வையாக நின்றது. விடிந்த கையோடு ஏற்றினேன். முதலில் சிறிது நேரம் கரண்டைத் திருப்பிவிட்டு இரும்பின் மேல்தோலைக் கடிக்கவிட்டேன். அப்படிக் கடித்த சொரசொரப்பில்தான் குரோம் பல்லைப் பதித்துக்கொண்டு நிற்கும். பிறகு நேர் கரண்ட். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

முற்பகலில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அக்கா போவதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் அவள், "நீயே கூட்டிட்டுப் போடி. விடியக்காலைலேர்ந்து நின்னுக்கிட்டு இருக்க. அப்படியே வெளிக்காத்து பட்டுட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள். எவ்வளவு நல்ல அக்கா என்று நினைத்தபடி போனேன். சொல்லப்போனால் வழியில் அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

திரும்பி வந்தபோது சாயங்காலம். ராடு தொட்டியில்தான் இருந்தது. இறக்கி அளந்தேன், கனம் சரியாக இருந்தது. ஓரங்களில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பரு அதிகம். தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்ததும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. என் வீட்டுக்காரர் வந்து அதில் மீசையைச் சரிசெய்து காட்டினார்.

வண்டியில் மாட்டி மூன்றாவது வாரம், ஒரு பெரிய கட்டட வேலைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தபோது ராடு உரிந்தது. உரிந்த செதில் ரப்பர் சீலைக் கிழித்து, எண்ணெய் பீய்ச்சி அடித்து, நீட்டின கை நீட்டினபடி நின்றுவிட்டது. கட்டடக்காரர் மறுநாளே வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் ராடைக் கழற்றி நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். எனக்குச் சேதி தெரிந்து நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அக்கா அதைப் பழைய குரோமைக் கரைத்து உரிக்கிற தொட்டிக்குள் இறக்கிவிட்டிருந்தாள்.

"நான் பாக்கலையே அக்கா" என்றேன்.

"பாத்து என்னடி பண்ணப் போற? பாத்தா இன்னும்தான் அழுவ. அடி இரும்பு தெரியுது. எண்ணெய்க் கை பட்டிருக்கு."

குரோம் அடி இரும்போடு உரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கழுவினவள் சரியாகக் கழுவவில்லை. கழுவினவள் நான். தண்ணீர் விலகாமல் நின்றதைப் பார்த்தேனே என்று வாய் வரை வந்தது. பார்த்தேனா? விடிகாலை வெளிச்சம், தூக்கக் கலக்கம். ஒருவேளை பார்த்ததாக நினைத்துக்கொண்டேனோ? என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி நின்றேன்.

"கொஞ்ச நாள் வீட்டுல இரு. மனசு சரியானதும் வா" என்றாள் அக்கா. என் இடத்துக்கு ஓர் ஆளைப் போட்டாள். கொஞ்ச நாள் என்பது ஐந்து மாதம் ஆகியும் முடியவில்லை. நான் எப்போது கேட்டாலும், "வரலாம் வரலாம், என்ன அவசரம்?" என்பாள். எங்கள் பட்டறையில் அவசரம் என்ற சொல்லை வெளியாட்களிடமிருந்துதான் கேட்டிருக்கிறேன். அந்த ஐந்து மாதத்தில் அது எனக்கும் வந்து சேர்ந்தது. சமையற்கட்டில் பாத்திரம் கழுவினால்கூடத் தண்ணீரை ஊற்றி, விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். பைத்தியம் பிடிக்காத குறை.

அவர்தான் அந்த நாட்களில் என்னைத் தாங்கினார் என்று நினைத்தேன். வண்டி நின்று, வேலை போய், வீட்டில் உட்கார்ந்திருந்த சமயத்திலும் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ராத்திரி நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதால், "விடு. நான்தான் மன்னிச்சிட்டேன்ல?" என்று முதுகைத் தடவுவார். அந்த மன்னிப்புக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. அவர் சட்டையை இஸ்திரி போட்டேன். காலையில் எழுவதற்கு முன் வெந்நீர் வைத்தேன். அவருடைய அம்மா வந்து இருபது நாள் தங்கினபோது வாயைத் திறக்கவில்லை. கோபம் வந்தால் ஊரைக் கூட்டுகிறவள் என்று பேர் வாங்கின நான், நாக்கைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டேன்.

வேலை இல்லாதவளுக்கு எல்லா அழுக்கும் கண்ணில் படும். ஒரு நாள் அவருடைய டூல் பெட்டியைக் கொட்டித் துடைத்தேன். அடியில் பழைய ரப்பர் சீல் ஒன்று கிடந்தது. புதுசு வாங்கும்போது அளவு காட்டுவதற்காகப் பழசை எறியாமல் வைத்திருப்பது அவர் வழக்கம். அதன் கிழிசலில் நகத்துணுக்கு மாதிரி ஏதோ மின்னியது. ஊசியால் நெம்பி எடுத்தேன். என் ராடிலிருந்து உரிந்த குரோம்.

முதலில் அதைக் குப்பையில் போடத்தான் போனேன். என் கேவலத்தை நானே எதற்கு வைத்துப் பார்க்க வேண்டும்? போடுவதற்கு முன் ஒரு முறை பின்பக்கம் திருப்பினேன். பின்பக்கமும் பளபளத்தது.

இரும்போடு ஒட்டியிருந்த பக்கம் பளபளக்கக் கூடாது. கடிக்கவிட்ட இரும்பின் சொரசொரப்பு அப்படியே அச்சாக அதில் இருக்க வேண்டும், சாம்பல் நிறத்தில், மங்கலாக. இது பிறந்ததே வழவழப்பான ஒன்றின் மேல். குரோமின் மேல்.

கனம் அளக்கிற மைக்ரோமீட்டரைத் தேடி எடுத்தேன். அது என்னுடைய சொந்தச் சாமான், பட்டறையிலிருந்து வந்தபோது அழுதுகொண்டே எடுத்துவந்தது. செதிலை அளந்தேன். ராடில் இருக்க வேண்டிய கனத்தில் சரிபாதிகூட இல்லை. அப்படியானால் மிச்சப் பாதி ராடோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் கழுவின இடம் உரியவே இல்லை. நான் போன பிறகு ஏறினதுதான் உரிந்திருக்கிறது.

அடியில் இருந்த அந்தப் பாதிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உலகமே என் அக்காவிடம் கேட்கிற கேள்வியை அன்றைக்கு நான் என்னிடம் கேட்டுக்கொண்டேன். மணிக்கு இவ்வளவு ஏறும் என்றால், விடிந்ததும் ஏற்றினது இந்தக் கனத்துக்கு வர நாலு மணி நேரம். நாலு மணி நேரம் கழித்துக் கரண்ட் நின்றிருக்கிறது. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெருமுனை தாண்டி அரை மணி ஆகியிருக்கும்.

சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? என் கை சுத்தமான கை என்று தரையில் உட்கார்ந்து சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. அக்கா ராடைப் பார்த்தாள். உரிந்த இடத்தில் குரோம் மின்னியதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் இரும்பு தெரிகிறது என்றாள். நான் வந்து பார்த்துவிடக் கூடாது என்றுதான் உரிக்கிற தொட்டியில் அத்தனை வேகமாகப் போட்டாள்.

பட்டறைக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்காக நானே ஒரு பதிலைத் தேடிக்கொண்டு போனேன். கூடப் பிறந்தவள் அல்லவா, பாசம் சும்மா விடுமா? அங்கே என் இடத்துக்கு வந்த ஆள் டீக்குப் போயிருந்தான். தொட்டியில் ஏதோ வேலை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாடி. என்ன திடீர்னு?"

செதிலை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவளுக்கு மைக்ரோமீட்டர் தேவைப்படவில்லை. ஒரு முறை திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அன்னிக்குக் கரண்ட் போச்சா அக்கா?" என்றேன். "போச்சுன்னு சொல்லு. நம்பிடறேன்."

தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த வேலையை ஒரு பார்வை பார்த்தாள். "போகலடி. நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"ரெடியா வந்து நின்னான்."

பிளாஸ்டிக் அச்சுப் பட்டறைக்காரர் ஒருவருக்கு நாங்கள் வைத்த பேர் 'ரெடியா'. போனை எடுத்ததும் ஹலோவுக்குப் பதில் "ரெடியா?" என்றுதான் கேட்பார். இன்னும் கொண்டுவந்தே கொடுக்காத பொருளைக்கூட ரெடியா என்று கேட்டவர்.

"மெஷின் நின்னு போச்சு, உடனே வேணும்னு கால்ல விழாத குறை. மேலால ஒரு பூச்சு, அதிக நேர வேலை இல்ல. வருஷம் முழுக்க வேலை குடுக்கற ஆளு. குரோம் ஏத்தற தொட்டி ஒண்ணுதானே இருக்கு? உன் வீட்டுக்காரர் ராடை எடுத்து ஓரமா வச்சுட்டு, அவன் வேலைய முடிச்சுக் குடுத்துட்டு, திரும்ப ஏத்தினேன். நீ வர்றதுக்குள்ள கனம் வரணும்னு கரண்டக் கொஞ்சம் கூட்டி வச்சேன்."

"ரெடியாகிட்ட முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உள்ள வெளியாள் சாமான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன். வெளியாள் சாமான நான் தொடுவேனா? இது நம்ம வீட்டு வேலை. முன்ன பின்ன ஆனா என்னன்னு நெனச்சேன்."

வெளியாள் என்றால் தொட்டிருக்க மாட்டாளாம். நான் தங்கையாகப் போனதுதான் குறை.

"முழுக்க உரிச்சுட்டு முதல்லேர்ந்து ஏத்தியிருக்கலாமே அக்கா. உனக்குத் தெரியாதா?"

"ஏத்தினா, நீ வர்றப்ப பாதியிலதான் நிக்கும். ஏன்னு கேப்ப."

"கேட்டா சொல்ல வேண்டியதுதானே?"

"உன்கிட்டயா?" என்று நிமிர்ந்தாள். "பிளக்கப் பிடுங்கினவன நீ எப்படி அனுப்பினன்னு பாத்துக்கிட்டுதானே இருந்தேன்? அவன் முன்னால நின்ன மாதிரி நானும் உன் முன்னால நிக்கணுமா? நான் உனக்கு அக்காடி."

"சரி. உரிஞ்சுச்சே, அப்ப?"

"அப்ப பயந்துட்டேன். உன் வீட்டுக்காரர் ராடத் தூக்கிட்டு வந்து நிக்கறாரு. வேலை போச்சுங்கறாரு. நீ வந்ததும் வாயில எண்ணெய்க் கைன்னு வந்துடுச்சு. நீ கத்துவ, சண்ட போடுவ, எங்க காட்டுன்னு கேப்ப, எப்படியும் உண்மை வந்துடும்னுதான் இருந்தேன். நீ என்னடான்னா கைய விரிச்சுப் பாத்துக்கிட்டு நின்ன. நீயே ஒத்துக்கிட்டடி."

அது உண்மைதான். அதனால்தான் அப்படி வலித்தது. உலகத்தில் எவள் பேச்சை நம்பி என் கையைச் சந்தேகப்பட்டேனோ, அவளே வந்து நீதானே நம்பினாய் என்கிறாள்.

"அஞ்சு மாசம் அக்கா" என்றேன். "அஞ்சு மாசமா நான் தினம் செத்துக்கிட்டு இருக்கேன். அவர் முகத்தப் பாத்து நிமிர்ந்து பேசல."

அக்கா செதிலை மேஜைமேல் வைத்தாள். விரலால் அதைத் தள்ளித் தள்ளி நேராக்கினாள். "உன் வீட்டுக்காரருக்குத் தெரியும்" என்றாள்.

செதிலை மேஜையிலிருந்து எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"அந்த வாரமே போய்ச் சொல்லிட்டேன். மனசு கேக்கல. உன்கிட்ட நானே சொல்லிடறேன்னுதான் போனேன். அவர்தான் வேணாம்னாரு. இருக்கட்டும்க்கா, அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும், இதுனாலயாவது அந்த ஆசிட்ட விட்டு வரட்டும்னாரு. நானும் சரின்னுட்டேன்."

"நானும் சரின்னுட்டேன்." இரண்டே சொல். இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒரு டீயின் நேரத்தில், என்னைத் தொட்டியிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அவளை அடிக்கக் கை வந்தது, பொய் சொல்லமாட்டேன். அடிக்கவில்லை. டீக்குப் போன ஆள் திரும்பிவந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி டீக்கே போனான். நான் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வந்ததும் கால் கழுவிக்கொண்டே டீ கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"ராடு எதனால உரிஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமாமே?"

செம்பைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அவரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டவன் சிரிப்பு இல்லை அது. செல்லம் கொஞ்சுகிற சிரிப்பு.

"உங்கக்கா வாயில எதுவும் தங்காதா? சரி, இப்ப என்ன ஆயிடுச்சு? உன் இருமல் நின்னுச்சா இல்லையா? கையப் பாரு, எப்படி வெள்ளையாயிடுச்சு. நான் போகாதன்னு சொன்னா நீ கேட்டிருப்பியா? குதிச்சிருப்ப. உன் நல்லதுக்குத்தான் விட்டுட்டேன்."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்களே."

"அப்படிச் சொன்னாதானே நீ அழறத நிறுத்தின?" என்றார். அவர் குரலில் பொய் கொஞ்சமும் இல்லை. எனக்கு உதவி செய்ததாகவே நம்பிக்கொண்டிருந்தார். "சும்மா சொல்லு, உனக்கும் ஓய்வா இருந்துச்சா இல்லையா?"

நான் கத்தினேன். அக்கம்பக்கம் ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஐந்து மாதம் சேர்த்துவைத்தது அத்தனையும் கத்தினேன். கத்தி முடித்தபோது அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் சமாதானமாகிவிடுவேன் என்று காத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை இதுவும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிற ஒரு வேலை.

மறுநாள் அக்காவே வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள். "ஆள அனுப்பிட்டேன். நாளையிலேர்ந்து நீ வா. நீ இல்லாம சாமான் ஒண்ணும் சரியா வரலடி" என்றாள். கண் கலங்கியிருந்தது. இந்த வார்த்தைக்காக ஐந்து மாதமாக எத்தனை முறை போன் செய்திருப்பேன். அதைக் கேட்டதும் எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. ஆனாலும் போனேன். ஏன் போகக் கூடாது? பாதிப் பட்டறை என்னுடையது. குற்றம் செய்யாதவள் எதற்கு வீட்டில் உட்கார வேண்டும்?

முழுநாள் வேலை ஒன்று காத்திருந்தது. நெசவு ஆலையிலிருந்து வந்த நீளமான தண்டு. நானே தேய்த்தேன், நானே கழுவினேன், நானே தொங்கவிட்டேன். கரண்டைக் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கரண்ட் அளவு காட்டுகிற அம்மீட்டருக்கு எதிரில் உட்கார்ந்தேன். முள் அசையாமல் நின்றது. அக்கா ஏதேதோ பேசினாள். அம்மா கண்ணைப் பற்றி, ரெடியாவைப் பற்றி. நான் உம் கொட்டினேன்.

மத்தியானம் ஆனதும் அவள் எழுந்து முந்தானையை உதறினாள். "பசிக்குதுடி. நான் சாப்பிட்டு வந்துடறேன், அப்புறம் நீ போ" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவ்வளவு சுலபமாகப் போனாள். ஒரு முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள், அவளுக்கு என்ன கவலை? நான் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். திறந்த கதவு வழியாக அவள் மர நிழலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவது தெரிந்தது. சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

பிறகு வந்து, "போடி, நீ சாப்பிடு. உன் வீட்டுக்காரரே டப்பா கட்டிக் குடுத்தனுப்பியிருக்காரு" என்று மேஜைமேல் வைத்தாள். சூடு இன்னும் இருந்தது, மூடியின் விளிம்பில் ஈரம் கோத்திருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிறு கூவியது. இரண்டு கையிலும் அமிலம். அதைக் கழுவாமல் டப்பாவைத் தொட முடியாது. கழுவுகிற குழாய் பட்டறைக்குப் பின்பக்கம், அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியாது.

"என்னடி, போயேன்" என்றாள் அக்கா.

"பசிக்கல" என்றேன்.

வேலை முடியப் பொழுது சாய வேண்டும்.